அழித்தது போக மீதி

நினைவு வாசிப்பு மையத்தில் சங்கரேஸ்வரியின் தலையில் பட்டையை மாட்டினார்கள். கண்ணாடித் தடுப்புக்கு அந்தப் பக்கம் அவளுடைய தங்கை அன்னமயில் உட்கார்ந்திருந்தாள். அக்காவின் நினைவை வாசிக்கச் சொல்லி மனுப் போட்டவளே அவள்தான். பக்கத்தில் அவள் கணவன் ஜெயக்கொடி, கால்களை அகட்டி, கைகளைக் கட்டிக்கொண்டு.

அவர்களுடைய ஒரே மகள் நிலாமதி வீட்டை விட்டுப் போய் ஆறு வாரம் ஆகியிருந்தது. வேறு சாதிப் பையனோடு பழகுகிறாள் என்று தெரிந்ததும் ஜெயக்கொடி அவளை இரண்டு நாள் அறையில் பூட்டி வைத்தான். மூன்றாம் நாள் அறை காலியாக இருந்தது. சங்கரேஸ்வரி வேலை பார்ப்பது கோவில்பட்டியில் 'வெளிவாசல்' அறக்கட்டளையில். உயிருக்குப் பயந்து வீட்டை விட்டு வரும் பெண்களை ஒளித்து வைக்கும் இடம். சொந்தப் பெரியம்மாவிடம் போகாமல் பெண் வேறெங்கே போயிருப்பாள் என்று ஜெயக்கொடி கேட்டான். கேட்டதில் நியாயமும் இருந்தது.

நிலாமதி காணாமல் போன நாளை வாசிப்பு அலுவலர் திரையைப் பார்த்து, ரேஷன் பட்டியல் படிப்பதுபோலப் படித்தார்.

"ஜூன் பதினாலு. ஏழு நாப்பதுக்கு பஸ். எட்டே காலுக்கு ஆபீஸ். ஒன்பது பத்துல இருந்து பத்து மணி வரைக்கும் வெற்றிடம். பதினொண்ணுல இருந்து பன்னெண்டு வரைக்கும் வெற்றிடம். ஒண்ணு பத்துல இருந்து ஒண்ணு ஐம்பத்தஞ்சு வரைக்கும் வெற்றிடம். மூணரைக்கு இன்னொண்ணு."

"வெற்றிடம்னா?" என்றார் ஜெயக்கொடியின் வக்கீல்.

"எங்ககிட்ட வர்ற பிள்ளையோட பேசி முடிச்சதும் அந்த நேரத்த அழிச்சிருவோம் சார்," என்றாள் சங்கரேஸ்வரி.

"எதுல இருந்து?"

"என் மண்டையில இருந்து."

"அப்ப அந்தப் பெண்ணோட விவரம் உங்க அறக்கட்டளையில எங்க இருக்கும்?"

"எங்கயும் இருக்காது. அந்தப் பிள்ளைகிட்ட மட்டும்தான் இருக்கும்."

"கம்ப்யூட்டர்ல ஏத்த மாட்டீங்களா? நோட்டுல எழுத மாட்டீங்களா?"

"எட்டு வருசத்துக்கு முன்னால எங்கள மாதிரி ஒரு அமைப்போட பட்டியல் வெளிய போச்சு. ஒன்பது பிள்ளைகளத் தேடிப் பிடிச்சுக் கொன்னாங்க. அதோட கம்ப்யூட்டரையும் நோட்டையும் விட்டோம். பெறகு நீங்க இந்தப் பட்டையக் கொண்டாந்தீங்க. தலையையும் விட்டோம்."

கண்ணாடிக்கு அப்பால் ஜெயக்கொடி ஏதோ சொல்லிச் சிரிப்பது தெரிந்தது. குரல் கேட்கவில்லை.

வக்கீல் விடவில்லை. மற்ற மூன்றும் வேலை நேரத்தில் வந்தவை, ஒன்று பத்து சாப்பாட்டு நேரம். சாப்பாட்டை ஒதுக்கி வைத்துவிட்டுப் பேசும் அளவுக்கு வேண்டியவள் யார் என்று கேட்டார். சங்கரேஸ்வரி தெரியாது என்றாள். அது உண்மை. அன்று வந்தது நிலாமதியா, முன்பின் தெரியாத யாரோவா என்று ஆறு வாரமாக அவளும் தூக்கமில்லாமல் தனக்குள் தேடிக்கொண்டுதான் இருந்தாள்.

"அப்ப பேரைக் கொடுத்துத் தேடுங்க," என்றார் வக்கீல்.

அலுவலர் 'நிலாமதி' என்று தட்டினார். அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டிருந்த நினைவெல்லாம் மேலே வந்தது. பிறந்தநாள், காதுகுத்து, பள்ளிக்கூட ஆண்டு விழா என்று தள்ளிக்கொண்டே போனவர், ஓரிடத்தில் நின்று படித்தார். படிப்பது அவருடைய குரல். சொற்கள் அவளுடையவை.

"ஒன்றரை வருசத்துக்கு முன்னால. நிலாமதி தனியாக வந்தாள். அப்பா கை ஓங்குகிறார் பெரியம்மா, உங்க ஆபீசுக்கு வந்துரட்டுமா என்று கேட்டாள். படிப்பு முடியட்டும், அதுவரைக்கும் பொறுத்துக்கோ என்றேன். உள்ளுக்குள் நினைத்தது: இவளைச் சேர்த்தால் தங்கை வீட்டு வாசலை நான் மிதிக்க முடியாது."

சங்கரேஸ்வரி கண்களை மூடிக்கொண்டாள். மூடினாலும் பட்டை வாசிக்கும்.

"ஏழு வருசத்துக்கு முன்னால. தீபாவளிக்கு மறுநாள். தங்கை சேலை மாற்றும்போது முதுகில் பெல்ட் தழும்பு. நாலு கோடு. நிலாமதிக்குக்கூடத் தெரியாது, நீ யார்கிட்டயும் வாயைத் திறக்கக் கூடாது என்றாள். சத்தியம் செய்து கொடுத்தேன்."

இப்போது கண்ணாடிக்கு அந்தப் பக்கம் யாரும் சிரிக்கவில்லை. ஜெயக்கொடி மெதுவாகத் திரும்பி மனைவியைப் பார்த்தான். அன்னமயில் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வெற்றிடம் சாட்சியாகாது என்று சொல்லி மனுவை முடித்து வைத்தார்கள். நடைபாதையில் அன்னமயில் வழியை மறித்தாள்.

"அவ வந்தாளா இல்லையா? அத மட்டும் சொல்லு. உயிரோட இருக்காளா?"

"தெரியாது. இப்பத்தான கேட்ட, தெரியாது."

"பெத்தவ கேக்குறேன். அழிச்சுட்டேன்னு கூசாம சொல்ற. என் பிள்ளைய அழிச்சுட்டு நிக்கிற நீ."

"ஏழு வருசம் நான் கட்டிக் காத்தத நீ மனுப் போட்டு ஊரு முன்னால அவுத்துப் போட்டியே," என்றாள் சங்கரேஸ்வரி. "என் மண்டைக்குள்ள அந்த ஆளைக் கூட்டிக்கிட்டு வந்து செருப்போட நடக்க விட்டியே. அதுக்கு என்ன பேரு?"

"இனிமே எனக்கு அக்கா கிடையாது."

"நல்லதாப் போச்சு."

கொஞ்சம் தள்ளி ஜெயக்கொடி கார்ச் சாவியை விரலில் சுழற்றிக்கொண்டு நின்றான். கயத்தாறு பக்கம் காற்றாலைகளைப் பராமரிக்கும் ஒப்பந்தக்காரன் அவன். முந்நூறு பேர் அவன் கையில் வேலை பார்த்தார்கள். எந்த ஊர் டீக்கடையிலும் அவனுக்கு ஓர் ஆள் இருந்தான். அன்னமயில் போய்க் காரில் ஏறிக்கொண்டாள். சங்கரேஸ்வரி பஸ்ஸுக்கு நடந்தாள். வழியெல்லாம் அவள் தங்கையைத் திட்டிக்கொண்டே போனாள். வீட்டுக்கு வந்தும் ஆத்திரம் தீரவில்லை.

அந்தச் சாப்பாட்டு நேரக் கேள்வி வெளிவாசலில் எல்லாரையும் உலுக்கிவிட்டது. என்ன பேசினார்கள் என்பதை அழித்தாலும், எப்போது அழித்தார்கள் என்பது நிற்கிறதே. ஒருத்தி காணாமல் போன நேரத்தையும் வெற்றிடத்தின் நேரத்தையும் ஒட்டி வைத்துப் பார்த்தால் போதும். ஆகவே மறுவாரத்திலிருந்து வெறும் அழிப்பும் சேர்ந்துகொண்டது. யாரும் வராத நேரத்திலும் ஊழியர்கள் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்து பேப்பர் படித்துவிட்டு அதையும் அழித்துக்கொள்ள வேண்டும். எது மெய், எது வெறும் அழிப்பு என்று அவர்களுக்கே தெரியாது.

ஒரு நாளில் மூன்று மணி நேரம் போய்க்கொண்டிருந்தது, ஐந்தாயிற்று. சங்கரேஸ்வரிக்குக் கணவன் இறந்து நான்கு வருடம். வீட்டில் கணக்குக் கேட்க ஆளில்லை. ஒருமுறை பஸ்ஸில் முன்சீட்டுப் பெண் திரும்பி அவளைப் பார்த்துச் சிரித்துவிட்டு, சட்டென்று முகத்தைத் திருப்பிக்கொண்டாள். யாரென்று தெரியவில்லை. அடுத்த நிறுத்தத்திலேயே சங்கரேஸ்வரி இறங்கிவிட்டாள். தெரிந்தவர்போல் பார்ப்பவர்களிடமிருந்து விலகிப் போவதும் அந்த வேலையில் ஒரு விதி.

வாசிப்பு நடந்து பத்தொன்பதாம் நாள், காலை பதினொன்றேகால் மணிக்கு, அன்னமயில் வெளிவாசலுக்கு வந்தாள்.

அறைக்குள் நுழைந்தவளைப் பார்த்ததும் சங்கரேஸ்வரி எழுந்துவிட்டாள். "இங்கன எதுக்கு வந்த? அடுத்த மனுவா?"

அன்னமயில் முந்தானையை விலக்கி இடது கையைக் காட்டினாள். இரண்டு விரல்கள் வீங்கி, வெவ்வேறு திசையில் திரும்பியிருந்தன.

"அன்னைக்குக் கார்ல ஒண்ணும் பேசல. வீட்டுக்கு வந்து கதவச் சாத்துனாரு," என்றாள். "ஊர்க்காரன் முன்னால என்னை மானங்கெடுத்திட்டீங்களே ரெண்டு பேரும்னாரு. தினம் ஒரு தடவ அத வாசிக்கச் சொல்றாரு. அந்த ஆபீசர் வாசிச்சாரே, அதே மாதிரி. நாலு கோடுன்னு சொல்லணும். சொன்னா அடி. சொல்லாட்டியும் அடி."

வாசிப்புக்குப் பிறகு வந்த புது விதிப்படி ரத்த சொந்தத்தை இன்னொரு ஊழியர்தான் பார்க்க வேண்டும். அவர் அன்று விடுப்பு. திருப்பி அனுப்பினால் ஜெயக்கொடி வேலையிலிருந்து சாப்பாட்டுக்கு வருவதற்குள் அவள் வீட்டில் இருக்க வேண்டும். சங்கரேஸ்வரி கதவைத் தாழிட்டு, நாற்காலியை இழுத்துப் போட்டாள்.

"பேரு சொல்லாத. ஊரு சொல்லாத," என்றாள்.

"தெரியாத மாதிரி பேசுற."

"எல்லார்கிட்டயும் இப்பிடித்தான். தேவையில்லாதத நாங்க கேக்கவே மாட்டோம். தேடி வர்றது யாரு?"

"புருசன்."

"அவரால எதுவரைக்கும் வர முடியும்?"

"நாகர்கோவில்ல இருந்து உடுமலை வரைக்கும் காத்தாடி நிக்கிற ஊர்ல எல்லாம் அவருக்கு ஆளு இருக்கு."

"உடம்புக்கு என்ன? மாத்திரை ஏதாவது?"

அன்னமயில் கொஞ்சம் தயங்கினாள். "வலது காது கேக்காது. நிலா வயித்துல இருந்தப்ப அடிச்சதுல போச்சு."

சங்கரேஸ்வரி நிமிர்ந்து பார்த்தாள். இருபத்திரண்டு வருடமாகத் தங்கை எப்போதும் அவளுக்கு வலது பக்கம் வந்தே உட்காருவாள். கூப்பிட்டால் திரும்ப மாட்டாள். திமிர் பிடித்தவள் என்று எத்தனை முறை வைதிருக்கிறாள்.

"ஏன்டி சொல்லல?"

"சொன்னா நீ சண்டைக்கு வருவ. வந்தா உன்ன வீட்டுக்குள்ள விட மாட்டாரு. எனக்குன்னு வர்றது நீ ஒருத்திதான்."

வெளியே ரயில் ஒன்று நிலையத்தைத் தாண்டிப் போகும் சத்தம் கேட்டது.

"அந்த மனுவ அவரு மிரட்டித்தான் போட்டியா?"

"இல்லக்கா. பொய் சொல்ல மாட்டேன். நான் மனசோடதான் கையெழுத்துப் போட்டேன். பிள்ள இருக்காளா செத்தாளான்னு தெரியாம ஒரு வாய்ச் சோறு இறங்கல. உன் மண்டைய ஒடச்சுப் பாத்தாவது தெரிஞ்சுக்கணும்னு வெறி." அவள் குனிந்து மெதுவாகக் கேட்டாள். "நெசமாவே உனக்குத் தெரியாதா?"

"சத்தியமாத் தெரியாது."

"வந்திருந்தா, என்கிட்ட இப்பக் கேக்குறியே, இப்பிடியேதான் கேட்டிருப்பியா?"

"இப்பிடியேதான்."

"பொறுத்துக்கோன்னு சொல்லியிருக்க மாட்டியே?"

சங்கரேஸ்வரி எழுந்து போய்த் தங்கையின் தலையைத் தன் வயிற்றோடு அணைத்துக்கொண்டாள். அன்னமயில் சத்தமில்லாமல் அழுதாள். சங்கரேஸ்வரி சத்தமாகவே அழுதாள்.

"ஒரு தடவ சொன்னதுக்கு வாழ்நாள் பூரா வெந்துக்கிட்டுத்தான் இருப்பேன். ரெண்டாந்தடவ எந்தப் பிள்ளைகிட்டயும் சொல்லியிருக்க மாட்டேன். என் வாயில அது வரவே வராது."

"அப்பச் சரி," என்றாள் அன்னமயில். முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "அது போதும் எனக்கு."

விரல்களுக்கு மரக்குச்சி வைத்துக் கட்டினாள் சங்கரேஸ்வரி. மேஜை இழுப்பறையில் ஐந்து நிறங்களில் மரவில்லைகள் இருந்தன, நிறத்துக்கு ஒரு திசை. காற்றாலை இல்லாத திசை எதுவென்று யோசித்து, நீல வில்லையை எடுத்துத் தங்கையின் கையில் வைத்தாள். பின்வாசலில் வண்டிக்காரர் அதை வாங்கிக்கொண்டு, அந்த நிறத்துக்கான ஊருக்குக் கூட்டிப் போவார். அது எந்த ஊர் என்று சங்கரேஸ்வரிக்குத் தெரியாது. கொண்டுபோய் விட்டுவிட்டு வந்ததும் அவரும் பட்டையை மாட்டிக்கொள்வார்.

"நீ என்னைத் தேடி வர முடியாதா?" என்று கேட்டாள் அன்னமயில்.

"தேடணும்னே தோணாதுடி. நீ வந்ததே எனக்குத் தெரியாது. இப்பப் பேசுனது, அழுதது எல்லாம் போயிரும். அந்த வாசிப்பு மையத்துல நீ பேசுனது மட்டும் இருக்கும்."

அன்னமயில் வில்லையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "அப்ப என்னை வைஞ்சுக்கிட்டேதான் இருப்ப."

"ஆமா."

"இருந்துட்டுப் போ. அவரு நேரா உங்கிட்டதான் வருவாரு. மூஞ்சியப் பாத்தே கண்டுபிடிச்சிருவாரு, அந்த வித்த அவருக்குத் தெரியும். நீ என்னை வெறுக்கிறது உன் மூஞ்சியில அப்பிடியே எழுதி இருக்கணும்."

பின்வாசல் திறந்து மூடியது. வண்டி கிளம்பும் சத்தம் கேட்கும்வரை சங்கரேஸ்வரி அங்கேயே நின்றாள். பிறகு அழிப்பறைக்குப் போனாள்.

அழிப்பறை பிலோமினாவின் பொறுப்பு. முன்பு அரசு மருத்துவமனையில் மயக்க மருந்துப் பிரிவில் நர்ஸாக இருந்தவள். வருகிற பெண்கள் யாரையும் அவள் பார்ப்பதில்லை. சாயங்காலம் கதவு பூட்டுமுன் தன்னுடைய பகலையும் தானே அழித்துக்கொண்டு போவாள்.

சங்கரேஸ்வரி படுக்கவில்லை. கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தாள்.

"பிலோமி, கடைசிப் பத்து நிமிசத்த மட்டும் விட முடியுமா?"

"முடியாதுக்கா. துண்டு துண்டா எடுக்க இதுக்குத் தெரியாது."

"ஒரே ஒரு வார்த்தையாவது?"

பிலோமினா அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இந்த வேலைக்கு வந்த எல்லாரும் ஒருநாள் இப்பிடிக் கேட்டிருப்பாங்க. யாருன்னு சொல்லிராதீங்க. நீங்க வச்சுக்கிட்டா, அடுத்த வாரம் அந்த வாசிப்பு ரூம்ல வேற ஒருத்தன் எடுத்துக்குவான். உங்களுக்குன்னு வச்சுக்க முடியாது. அவனுக்காகத்தான் வச்சிருப்பீங்க."

"அழிக்க மாட்டேன்னு எந்திரிச்சுப் போயிட்டா?"

"போகலாம். கதவு தொறந்துதான் இருக்கு."

சங்கரேஸ்வரி கதவைப் பார்த்தாள். தங்கையின் ஒற்றைக் காதை நினைத்துக்கொண்டாள். அதைத் தெரிந்துகொள்ள இருபத்திரண்டு வருடம் ஆகியிருந்தது. அரை மணி நேரம்தான் அது அவளிடம் இருந்தது. கால்களைத் தூக்கிக் கட்டிலில் வைத்து, பட்டையை அவளே தலையில் மாட்டிக்கொண்டாள்.

கண் விழித்தபோது பிலோமினா தண்ணீர் நீட்டினாள். "ஐம்பத்தஞ்சு நிமிசம்."

"மெய்யா, வெறுமா?"

"கேக்கக் கூடாதுன்னு தெரியும்ல."

முகம் கழுவும்போது கண்ணாடியில் கண் இமைகள் தடித்திருந்தன. பேப்பரில் யாரோ செத்துப்போன செய்தியைப் படித்துத்தான் அழுதோமோ என்று ஒரு கணம் நினைத்தாள். அதற்குமேல் நினைப்பதில் பயன் இல்லை. சாப்பாட்டு டப்பாவைத் திறந்தாள். பல நாளுக்குப் பிறகு பசித்தது.

மறுநாள் காலை ஜெயக்கொடி இரண்டு ஆட்களோடு வந்தான். வரவேற்பு மேஜையைக் கையால் ஓங்கி அடித்தான். தாள்கள் பறந்தன.

"மதினி! அன்னமயில் எங்க?"

சங்கரேஸ்வரிக்கு முதலில் விளங்கவில்லை. "வீட்ல இல்லாம எங்க இருப்பா?"

"நடிக்காதீங்க. நேத்துக் காலையில இருந்து ஆளக் காணோம். இங்கனதான் வந்திருக்கா."

"எங்கிட்டயா?" அவள் முகம் சிவந்தது. "என்னை அந்த வாசிப்பு ரூம்ல உக்கார வச்சு உரிச்சுப் பாத்தவ எங்கிட்ட வருவாளா? அக்கா கிடையாதுன்னு சொல்லிட்டுப் போனா. நீங்களும் பக்கத்துல நின்னு கேட்டீங்கல்ல? வந்திருந்தா வாசல்லயே நிக்க வச்சு நாலு வார்த்த நல்லாக் கேட்டிருப்பேன். படியேற விட்டிருக்க மாட்டேன்."

"மறுபடி மனுப் போடுவேன்."

"போடுங்க. இன்னைக்கே போடுங்க. நானே வந்து உக்காருறேன். அவளப் பத்தி நான் என்ன நினைக்கிறேன்னு அவளுக்கும் சத்தமா வாசிச்சுக் காட்டட்டும்."

ஜெயக்கொடி அவள் முகத்தை உற்றுப் பார்த்தான். இருபத்தைந்து வருடமாகப் பார்த்த முகம். யார் எதை ஒளிக்கிறார்கள் என்பதைக் கண்டுபிடித்து அடித்தே பழகியவன். அவள் கண்களை விலக்கவில்லை. தேடத் தேட அவன் கண்டது ஆத்திரம் ஒன்றைத்தான். அதில் கலப்படம் ஏதும் இல்லை.

"இங்கன இல்லடா," என்றான் தன் ஆட்களிடம். "மதுரையில அவ சித்தப்பன் வீடு இருக்கு. வண்டிய எடு."

அவர்கள் போனபின் பிலோமினா உள்ளிருந்து வந்தாள். சிதறிக் கிடந்த தாள்களை இரண்டு பேருமாகப் பொறுக்கினார்கள்.

"அக்கா, அவரு பேசுனது கேட்டுச்சு. தங்கச்சியக் காணோம்ங்கிறாரே. உங்களுக்குப் பயமா இல்லையா?"

சங்கரேஸ்வரி தாள்களைக் கையில் வைத்துக்கொண்டு யோசித்தாள். காணாமல் போன பெண்கள் எங்கெங்கே கிடந்தார்கள் என்று அவளுக்குத் தெரியும். தண்டவாளம், கல்குவாரித் தண்ணீர், பாழுங்கிணறு. ஒவ்வொன்றிலும் தங்கையை வைத்து நினைத்துப் பார்த்தாள். உள்ளே எதுவும் பதறவில்லை. நெஞ்சு அமைதியாக இருந்தது.

"இல்ல," என்றாள்.

சொன்ன பிறகு அவளுக்கு வெட்கமாக இருந்தது. கூடப் பிறந்தவள். என்னதான் சண்டை என்றாலும் ஒரு சொட்டுப் பயம்கூட வரவில்லையே. இவ்வளவு கல்நெஞ்சக்காரியாக எப்போது ஆனோம் என்று தன் மேலேயே அவளுக்கு வெறுப்பு வந்தது.